எடைச்சீட்டு

சாத்தாங்காட்டு எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
மேடை அறுபது டன் தாங்கும்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.

ஒன்பது மணிக்கு மேல் யூரியா லாரிகள்.
வாய் தைத்த மூட்டைகள், நாற்பத்தைந்து கிலோ,
வேப்பெண்ணெய் வாடையோடு ஏறி இறங்கி
நான் பார்க்காத வயல்களுக்குப் போகும்.
விடியுமுன் முனிரத்தினத்தின் வண்டி,
கொடுங்கையூரிலிருந்து மக்கிய உரம்.
தார்ப்பாயைத் தூக்கினால் ஆவி பறக்கும்.
நாம் எறிந்த வாழைப்பூ மடல், முருங்கைக் காம்பு,
எத்தனை சலித்தும் தப்பிவரும் ஷாம்பு பாக்கெட்டின் மூலை.

"உன்னுது உப்பு, லூர்துக்கா.
மண்ணு நாக்கு வறண்டு செத்துப்பூடும்"
என்பான் முனிரத்தினம்,
யூரியா காய்ச்சுவதே நான்தான் என்பதுபோல.

கோதுமை இறக்கிவிட்டுக் காலி எடைக்கு நின்ற தரம்வீர்,
ஹிசார் பக்கத்துக்காரன்,
தமிழை நெடுஞ்சாலை டீக்கடைகளில் பொறுக்கியவன்,
சிரித்தான்:
"குப்பை நல்லது அண்ணா.
நம்ம பத்து ஏக்கருக்கு எத்தனை லாரி? நீ கொண்டுவருவியா?"

சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு மூட்டை யூரியாவில் தழைச்சத்து
இருபது கிலோ சொச்சம்.
முனிரத்தினத்தின் உரத்தில் நூற்றுக்கு ஒன்று,
அதுவும் நல்ல வாரத்தில்.
ஆக ஒரு மூட்டைக்கு ஈடு இரண்டு டன்.
காட்டினேன்.
முனிரத்தினம் அதைப் படிக்காமல்
பீடிக்கு நெருப்புக் கேட்டான்.

தரம்வீர் லாரியின் பலகையிடுக்கைத் துழாவி
ஒரு பிடி கோதுமை தந்துவிட்டுப் போனான்.
ரேஷனில் வாங்கி மெஷினில் அரைத்திருக்கிறேன்.
அது விதை என்று நினைத்ததில்லை.

இரண்டு பெயின்ட் டப்பாக்கள்.
கார்த்திகை மழை விட்ட மறுநாள் தூவினேன்.
ஒன்றில் முனிரத்தினம் அள்ளித் தந்தது.
மற்றதில், முளை தெரிந்ததும்,
மேடையில் சிந்திக்கிடந்த வெள்ளை மணி ஒரு பிடி.
மூன்றே நாளில் அத்தனையும் கருகிற்று.
மறுபடி விதைத்து, இந்தமுறை நாலே மணி,
ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து.

பத்து நாளில் இருட்டுப் பச்சை.
தாறுமாறாக வளர்ந்து, தன் உயரம் தாங்காமல்
மார்கழிக் காற்றில் சாய்ந்தது.
பழைய சீட்டுச் சுருளை முறுக்கிக் கட்டி நிறுத்தினேன்.
குப்பை டப்பாவோ வெளிறிப்போய்
தை பிறக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தது.

எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
கண் எரியும்.
மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சீட்டுக் கிழிப்பேன்.
மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது,
காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜனாம்.
இத்தனை கொட்டிக்கிடந்தும்
கோதுமைக்கு அதை நேராக உறிஞ்சத் தெரியாதாம்.
யாராவது உடைத்துத் தரவேண்டும்.
மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்,
இல்லையென்றால் நெருப்பு வைத்து ஓர் ஆலை.

உடைக்கிற வாடை எங்கள் தெருவுக்கு.
ரொட்டி வேகும் வாசனை வேறு யாருக்கோ.
கொடுங்கையூர்க்காரர்களைக் கேட்டால்
அவர்களிடமும் இதே பேச்சுதான்,
வாடை மட்டும் வேறு.

மாசிக் கடைசியில் கதிர் முற்றியது.
யூரியாவில் ஒன்பது, குப்பையில் ஆறு.
கசக்கி உமி ஊதினேன்.
நம் வெயிலுக்கு இரண்டிலும் பாதி சப்பை.
ஒவ்வொன்றிலும் ஒரு மணியைக் கடித்தேன்.
பல்லில் ஒட்டிய மாவு
எந்த டப்பா என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு லாரி ஓய்ந்த நேரம்
மேடையில் ஏறி நின்றேன். அறுபது என்றது.
மீதிக் கதிர்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். அறுபது.
கதிர்களை மட்டும் இரும்பின் நடுவில் வைத்துவிட்டு
அறைக்குள் வந்து சீட்டு அடித்தேன்.

வண்டி எண்: கோடு.
சரக்கு: கோதுமை.
எடை: 0.

அதற்குள் வாசலில் ஹாரன்.
யூரியா, முழு லோடு.
"அக்கா, மேடைல இன்னாமோ கெடக்குது, ஏத்தட்டா?"
இரு, இரு என்று கத்திக்கொண்டே
விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடினேன்.