அட்டைக் கணக்கு

ஞாயிறு காலை ஆறரை.
அட்டனில் கடைக்காரர் இன்னும் பலகை கழற்றவில்லை.
ரயில் பாதைக்குக் கீழ்ச்சரிவில், புல்லுக்குள்,
உடுப்பை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு
அசையாமல் நிற்கிறோம்
பத்து நிமிஷம்.

ஆட்டோ ஓட்டும் நிஸ்தார் நேரம் பார்க்கிறார்.
பாமசியில் வேலை செய்யும் தவக்கொடி
உப்பும் பஞ்சும் கொண்டுவந்திருக்கிறாள்.
சோமலதா அக்கா நகர சபையில் தெரு கூட்டுகிறவர்.
எந்தக் கானில் எது செத்து மிதந்ததென்று
தேதியோடு சொல்வார், பாதி சிங்களத்தில்.
நான் போட்டோகொப்பிக் கடை.
படிவம் அடித்தது நான்தான்,
மழைக்குத் தாங்கட்டுமென்று தடித்த அட்டையில்.

அட்டையில் அட்டையை எழுதுகிறோம் என்று
முதல் நாள் சிரித்தோம்.

முதல் வருஷம், ஆடி மாதம்,
ஐந்து இடம், எட்டுக் கால்:
அறுபத்து மூன்று.
நிஸ்தாரின் இடக்காலில் மட்டும் பதினொன்று.
"என்ட ரத்தத்தில சீனி கூட" என்றார்.

பிறகு பஸ் நிலையத்துப் பின்புற ஓடைக்கரைக்கு
சிமெந்து பூசினார்கள்.
பாடசாலைச் சரிவு களைநாசினியில் மஞ்சளானது.
எட்டு மணிவரை படுத்துக்கிடந்த பனிமூட்டம்
இப்போது ஆறுக்கே எழும்பிவிடுகிறது.
முப்பது. பத்தொன்பது. ஏழு.

"அட்டை குறைஞ்சா நல்லதுதானே?"
கணக்கைக் கொண்டுபோன அன்று ஐயா கேட்டார்.
உண்மைதான்.
கொழுந்து பறிக்கிற எவளும் அட்டைக்காக அழமாட்டாள்.
சவர்க்காரம் தடவிக்கொண்டு மலையேறிய
அம்மாவின் கணுக்காலைப் பார்த்தவள் நான்.
அட்டைக்கு வேண்டியது ஈரம்.
எங்கள் பீலிக்கும் அதே ஈரம்.
மாசியில் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிஷமென்று
பின்பக்கத்தில் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள் என்றேன்.
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு நாலாவது இடம்.
பத்து நிமிஷம் முடிந்தது.
எட்டுக் காலும் சுத்தம்.
தவக்கொடி பேனையைத் தூக்கிப் பிடித்தாள்:
"கட்டத்தை சும்மா விட்டுருவமா?"

"எப்பா!" என்றார் சோமலதா அக்கா.
"சும்மா விட்டா நாங்க வரல்லன்னு நினைப்பாங்க.
பூச்சியம் போடு.
நாங்க நின்டது. அது வரல்ல."

வெற்றுக் கட்டம் எங்கள் வீட்டுக்குத் தெரியும்.
அடையாள அட்டை கேட்ட தாத்தாவின் பெயருக்கு நேரே
முப்பது வருஷம் கிடந்தது.
அவர் இருந்தார்.
எண்ணத்தான் ஒருவரும் வந்து நிற்கவில்லை.

பூச்சியம் போட்டோம்.
மை ஈரத்தில் கொஞ்சம் ஊறியது.
ஐந்தாவது இடத்துக்கு மேட்டில் ஏறவேண்டும்,
நிஸ்தாருக்கு எட்டரைக்கு ஒரு ஹயர் இருக்கிறது.