கடைசி ரீலில் நாற்பது நொடி

மில்வாக்கியில் பிப்ரவரி. பனி முழங்கால்வரை.
இருந்தும் நள்ளிரவுக் காட்சிக்கு
நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள்.
பாதிப்பேர் தலையில் காகித நர்ஸ் தொப்பி.
மீசை வைத்த தலைமை நர்ஸ்கள் மட்டும் மூவர்.
மேலே நான், படம் ஓட்டுகிறவன்.

கதை ஊகிக்கக்கூடியதுதான்:
கணவன் பொய்யன், மாமியார் பணக்காரி,
பட்டு இரவு உடையோடு ஒருத்தியை
மனநோய் மருத்துவமனையில் தள்ளிவிடுகிறார்கள்.
கதவு பூட்டினால் மின்னல்.
சாவிக்கொத்து குலுங்கினால் மின்னல்.
சூப் கிண்ணத்தை வைத்ததற்கும் ஒருமுறை மின்னியது,
அதற்குக் கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது.

தலைக்குள் மின்சாரம் பாய்ச்சியும்
உதட்டுச்சாயம் இம்மியும் கலையவில்லை அவளுக்கு.
பின்னால் துணை நடிகர்கள்
ஆளுக்கொரு பைத்தியத்தை வாடகைக்கு எடுத்ததுபோல:
ஒருத்தர் இல்லாத வாத்தியக்காரர்களுக்குக் கை வீசுகிறார்,
ஒருத்தி தலையணைக்குப் பெயர் வைக்கிறாள்,
ஓரத்தில் ஒருத்தர், பாவம், கேமராவையே பார்க்கிறார்.
டாக்டர் பைப்பைப் பற்றவைக்கிறார்.
"மனம் ஒரு மாளிகை, மிஸஸ் வின்த்ராப்."
அரங்கமே சேர்ந்து முடிக்கிறது:
"நீங்களோ நிலவறையில் குடியிருக்கிறீர்கள்!"

ஐந்தாம் வரிசை ஓரம், வாண்டா குபியாக்.
நாயகியின் அதே சுருள்முடி விக்,
கொஞ்சம் கோணலாக.
பத்தொன்பது வயதில் பதினான்கு மாதம் உள்ளே இருந்தவர்.
ஒருமுறை பாப்கார்ன் வரிசையில் கேட்டேன்,
இதெல்லாம் உங்களுக்குக் கோபம் தராதா என்று.

"எங்களுக்கு மின்னலா? லினோலியம் இருந்தது.
செவ்வாய்க்கிழமை புட்டிங் இருந்தது.
யாரும் கத்தக்கூட இல்லை.
என்னை இறக்கிவிட்டபோது அப்பா
கார் இன்ஜினை அணைக்கவே இல்லை.
இவளைப் பார்,
இவளுக்காக ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா அழுகிறது."
பிறகு வெண்ணெய் கூடுதலாகக் கேட்டு வாங்கினார்.

கடைசி ரீலில் நாற்பது நொடி கிடையாது.
எந்த ஊரிலோ அறுந்து, யாரோ ஒட்டியது.
சுவரில் சரிந்து அலறுகிறாள்,
ஒரு தாவல்,
தொப்பியும் கையுறையுமாய்ப் படி இறங்குகிறாள்.
குணமானது அந்த ஒட்டுக்குள் எங்கோ.
"குணமாயிற்று!" என்று கூட்டம் எழுந்து
பஞ்சுருண்டைகளை வீசும்.
வாண்டா வீசுவதில்லை.
அப்போது மட்டும் கைப்பையில் எதையோ தேடுவார்.

போன வருடம் அறுபடாத பிரதி ஒன்று கிடைத்தது.
காலை பதினொரு மணிக்குத் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.
டாக்டர் ஜன்னலைத் திறக்கிறார்.
"வெயில் அடிக்கிறதே" என்கிறாள் அவள்.
அவ்வளவுதான், அதுவும் பிசிறடிக்கும் குரலில்.
பெட்டியில் திரும்பப் போட்டு
அடியில் வைத்துவிட்டேன்.
இன்றும் ஒட்டுப் போட்டதுதான் ஓடியது.

விளக்கு வந்தது. தரையெல்லாம் பஞ்சு.
வாண்டா விக்கைக் கழற்றி
ரொட்டிக்கடைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.
பனிவாரி வண்டி ஒன்று தெருவைக் கடக்க
அதன் மஞ்சள் ஒளி சுவரில் பளிச்சென்றது;
யாரோ, பழக்கதோஷம், கைதட்டினார்கள்.