அனுசரணை

துவாரகியின் பிள்ளைக்கு முதல் பல்.
அடுத்தது, யாரோ தின்ற கொத்துரொட்டி.
அதற்குக் கீழே கடல்.

'பன்னிரண்டாம் மாடி, வெள்ளவத்தை.
கண் விழித்தால் அலை.'
ருஸ்னா விலை கேட்டிருக்கிறாள்;
இன்பொக்ஸ் வரட்டாம்.
ஒருவர் மூன்று தரம்:
தண்ணி ஒழுங்கா ஏறுமோ?
பதிலுக்கு ஒரு இதயம்.

அந்தக் கடலை எனக்குத் தெரியும்.
போன மாசி வரை
என் குசினி யன்னலில் இருந்தது,
உடுப்புக் கொடிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
ஒரு முழம்.

மூன்று புள்ளியைத் தொட்டு
மறை என்றேன்.
ஏனென்று கேட்டது.
பொருத்தமில்லை, பிடிக்கவில்லை, அடிக்கடி வருகிறது.
என்னுடையது அதில் இல்லை;
கடைசியை அழுத்தினேன்.
நன்றி, இனிக் காட்டமாட்டோம்.

தேத்தண்ணியோடு யன்னலைத் திறக்க
சீமெந்துத் தூசி.
எட்டாம் தட்டில் கட்டிய பதாகையில்
காற்றுக்கு உப்பிக்கொண்டு
அதே அலை.