உப்பு

மூன்றாம் பாகம், இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.
சாகக் கிடக்கும் மன்னனின் விருந்தில்
அரசி வெர்ஸனா சொல்கிறாள்:
“உப்பை எடுத்துப் போங்கள்.”

ஆறு குளிர்காலமாக
வூட்ஜ் நகரத்து டிராம் பணிமனைக்கு எதிரே
பியரோகிக் கடையில்
இந்த வரியைத்தான் மென்றோம்.

ஒல்கியெர்த் பணிமனையில் கணக்கர்.
தென்மாகாணத்து உப்புச் சுரங்கங்களைக்
கைகழுவத்தான் அந்த ஜாடை என்றார்.
யாருக்கு யார் கடன், எந்தத் தளபதி எவள் தம்பி,
எல்லாம் கட்டம் போட்டு வைத்திருந்தார்.
மன்னன் வெறும் உப்புக்குச் சப்பாணி.
நான் ஒருபடி மேலே போய்
சமையற்காரனையும் சந்தேகித்தேன்.

போன செவ்வாய்
மொழிபெயர்த்த ஹல்ஷ்காவே வந்துவிட்டாள்,
தொப்பியில் பனி, கையில் சூப்.
“மூலத்தில் அது மேசை” என்றாள்.
போலிஷில் மேசைக்கும் உப்புக்கும் நடுவே
ஓர் எழுத்து, ஒரு கீற்று.
அச்சுக்குக் கோத்த பையன் தூக்கக் கலக்கத்தில்
இரண்டையும் தின்றுவிட்டான்.
சாப்பிட்டு முடித்தார்கள்,
மேசையை எடுக்கச் சொன்னாள்,
அவ்வளவுதான்.

ஒல்கியெர்த் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி துடைத்தார்.
பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்:
“அம்மா, இப்படிச் சொல்லச் சொன்னது யார்?”

அவள் சூப்பை முடிக்காமலே கிளம்பினாள்.
அதையும் குறித்துக்கொண்டோம்.

வெளியே, உறைந்த தண்டவாளங்களை ஒட்டி
நகராட்சி லாரிகள்
உப்புத் தூவிக்கொண்டிருந்தன.
எண்ணினேன்.
நேற்றைவிட ஒன்று கூடுதல்.