தகுதி

கிட்வேயில் எங்கள் சபைக்குத் தகரக் கூரை.
மழை இறங்கினால் போதகர் சிக்வாண்டா
வேதத்தை மூடிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்.
வானத்தோடு அவர் வாதாடுவதில்லை.
மழையில்லாத ஞாயிறுகளில்
மூன்றாம் பெஞ்சிலிருந்து கம்போலேயின் இருமல்.

தொண்டையிலிருந்து வரும் இருமல் இல்லை அது.
பல நூறு அடிக்குக் கீழே, செம்புப் பாறையில்
துளைக்கருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
பாடகர் குழு பழகிவிட்டது.
இரண்டாம் அடி முடிந்ததும் ஒரு மூச்சு நிற்பார்கள்.
அவர் இருமி முடித்துக் கையசைப்பார்.
பிறகு மூன்றாம் அடி.
புதிதாக வருகிறவர்கள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்து
வீட்டிலும் அந்த இடத்தில் நிறுத்திப் பாடுகிறார்களாம்.

நான் நான்காம் பெஞ்சு.
அவருடைய பிடரி எனக்கு மனப்பாடம்.

இருபத்திரண்டு வருஷம்
சுரங்க மருத்துவமனையில் கிளார்க்.
எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடிப்பார் டாக்டர்.
நெஞ்சுக்கூட்டுக்குள் சோளமாவு தூவியதுபோல் இருக்கும்.
ஒன்றும் சொல்லாமல் தாளை என் பக்கம் தள்ளுவார்.
மேஜையில் இரண்டு முத்திரைகள்.
ஒன்று கடைசிவரை புத்தம் புதிதாகவே இருந்தது.
மற்றதன் ரப்பர் தேய்ந்து, ஓரம் உதிர்ந்து,
மையில் பாதி எழுத்துத்தான் விழும்:
தகுதி.

இங்கே அதே வார்த்தை.
திருவிருந்துக்கு முன்னால்
தகுதியுள்ளவர்கள் வாருங்கள் என்று போதகர் அழைக்கும்போது
என் வலது கட்டைவிரல் தானாக மடங்கும்.
ஏழு வருஷமாக அப்பத்தட்டை
யார் முகத்தையும் பாராமல் அடுத்தவருக்குக் கடத்துகிறேன்.
வயிற்றுப் புண் என்று சொல்லிவைத்தேன்.
அதற்காகவும் ஜெபித்தார்கள், பாவம்,
வயிற்றில் கை வைத்து, கண்ணீரோடு.
இல்லாத புண் எப்படி ஆறும்?
இருந்த இடம் யார் கைக்கும் எட்டவில்லை.

முதல் மழைக்கு முந்தின ஞாயிறு.
மாமரம்கூட வியர்த்துக்கொண்டிருந்தது.
பாட்டு வழக்கமான இடத்தில் நின்றது.
இருமல் வந்தது. போகவில்லை.
பாடகர் குழு திறந்த வாயோடு காத்திருந்தது.
அவர் கைக்குட்டையைத் துழாவினார், இல்லை.
என் தலைத்துணியை அவிழ்த்து முன்னால் நீட்டினேன்.
நீட்டிய கையோடு அந்தச் சொல்லும் வந்துவிட்டது:

உங்கள் தாளில் குத்தியது நான்தான்.

சபை முழுக்கக் கேட்டது.
பாட்டு நின்றிருந்த நேரமல்லவா.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.
"தெரியுமே, கசுபா.
வெள்ளைக் கோழி ஒன்று கொண்டுவந்து தந்தேனே,
மறந்துவிட்டாயா?
நீ குத்தாவிட்டால் எனக்குச் சம்பளம் ஏது?
நாலு பிள்ளைகள்."

மறந்திருந்தேன்.
இறகு பறித்ததையும், தின்றதையும்.
ஏழு வருஷம் தேவனிடம் ஒப்பித்த பாவத்தில்
அந்தக் கோழி ஒரு நாளும் வரவில்லை.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அதையும் மடித்து ஒரு கோப்பில் வைத்திருப்பேன்.
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார்,
ஒருத்தி உட்காரும் அளவுக்கு.

மூன்றாம் பெஞ்சிலிருந்து அவர் முகம் பக்கவாட்டில் தெரிகிறது.
இருமும்போது பலகை அதிர்ந்து
என் விலா எலும்புவரை வருகிறது.
அந்த நெஞ்சு ஆறாது.
படத்தைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

தட்டு வந்தது.
போதகர் அன்று அந்த வார்த்தையை மறந்தாரோ விட்டாரோ,
வாருங்கள் மட்டும்தான் கேட்டது.
கம்போலே எடுத்துக்கொண்டார்.
தட்டை என் மடிமேல் வைத்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அப்பம் காய்ந்து கிடந்தது.
ஏழு வருஷம் விழுங்காத தொண்டையில்
சிக்கிக்கொண்டு இருமினேன்.

பாடகர் குழு
எனக்காக நின்றது.