இரைச்சல் திருகு

பழைய ஸ்கேனர். கோலா கெட்டில் சந்தையில் நாற்பது வெள்ளி.
ஏரியலை ஜிங்க் கூரையில் கட்டியது நான்;
முதல் மழைக்கே இறங்கிவந்தது, திரும்ப ஏறினேன்.

இரைச்சல் திருகை இறுக்கினால்
ஊரே செத்த மாதிரி.
தளர்த்தினால் கடலை வறுக்கும் சட்டி.
நடுவே ஒரு மயிரிழையில்
பொம்பாக்காரர்கள் பாம்பு பிடிக்கப் போகிறார்கள்,
செம்பனை ஆலைக் காவலாளி
யாரிடமோ தே ஓ கேட்கிறார்.

இன்று,
பாலம் மூழ்கிவிட்டது, எஸ்டேட் பாதையில் சுற்றி வா
என்கிறது ஒரு மலாய்க் குரல்.
லோரி பதினொன்று: "ஓகே போஸ்."
இரண்டு சொல்.
வீட்டில் அது ஒரு வாரத்துக்கு வரும்.

அடுப்பை அணைத்தேன்.
மீனைத் திரும்ப ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

ஒன்பதரைக்கு நனைந்து வந்த தணிகை
"பாலத்துல தண்ணி..." என்று ஆரம்பித்தார்.
"அப்படியா?" என்றேன்.
முழுக் கதையும் சொன்னார்.