நடு மாடிகள்

அப்போதெல்லாம் மின்தூக்கி
எல்லா மாடியிலும் நிற்காது.
ஒன்று, ஐந்து, ஒன்பது.
ஏழில் வீடென்றால்
ஐந்தில் இறங்கி ஏறு,
இல்லை, ஒன்பதில் இறங்கி இறங்கு.
எங்கள் வீடு ஏழில்.

பதினெட்டு வருஷம்
அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் நான்.

ஹிர்வான் விழுந்தது யீஷூனில்.
செவ்வாய், மாலை மூன்று நாற்பது.
நான் மேலே, மோட்டார் அறையில்.
அவன் போன சத்தத்தைச் சொல்லமாட்டேன்.
பிறகு குழிக்குள் அவன் கைப்பேசி ஒலித்ததே,
அதைச் சொல்கிறேன்.
ஐந்து முறை.
வரும்போது ரொட்டி வாங்கி வரச் சொல்ல
அவன் மனைவி அழைத்திருக்கிறாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது குடி
என்று எல்லாரும் நினைத்தார்கள்.
நானும் அப்படியே சொல்லி வந்தேன்.
சொல்ல வசதியான கதை.
கேட்டவர்கள் தலையசைத்தார்கள்,
சிலர் பீர் வாங்கித் தந்தார்கள்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும்
ஹிர்வான் மனைவி
என் மகளுக்குப் பச்சை உறை அனுப்புவாள்.
ஒரு வருஷம் அந்தப் பத்து வெள்ளியையும் குடித்தேன்.
பூங்கோதை பார்த்தாள்.
வெற்று உறையை மட்டும் மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

குடியை நிறுத்தும் இடத்தில் சொன்னார்கள்:
கனவுக்கு வேறு டாக்டர்.
கனவு டாக்டர் சொன்னார்:
ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வாருங்கள்,
பிறகு அந்தக் குழியைத் திறந்து பார்ப்போம்.
ஆறு மாதமா, ஐயா?
குடிக்காத முதல் ராத்திரியே போன் அடிக்கிறது.
ஒருவர் என்னை ஐந்தில் இறக்கிவிட்டார்,
ஒருவர் ஒன்பதில்.

பெய் ஷானிடம் ஒரே கோப்புதான் இருந்தது.
புவாங்கோக்கில் சின்ன அறை,
குளிர்சாதனம் சொட்டிக்கொண்டிருந்தது.
இரண்டும் சேர்ந்துதானே வந்தன,
சேர்ந்தே உட்காரட்டும் என்றாள்.
பாதி ஆங்கிலம், பாதி மலாய் எங்கள் பேச்சு.
வராத சொல்லைத் தமிழிலேயே சொல் என்பாள்,
புரியாவிட்டாலும்.

முதல் மடக்கு எப்போது என்று கேட்டாள்.
யீஷூன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பதினொரு வயது.
அப்பா ஐந்தில் இறங்கி ஏறி வருவார்.
முப்பத்திரண்டு படி.
செருப்புச் சத்தம் சீராக வந்தால் சோறு,
நடுவில் நின்று நின்று வந்தால் பெல்ட்.
படுக்கையில் எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஒருநாள் அடித்து ஓய்ந்து அவர் தூங்கியபின்
கிளாசில் மீந்திருந்ததை எடுத்துக் குடித்தேன்.
எண்ணுவது நின்றுவிட்டது.
ஈரக்குலை நடுக்கம் என்றேன், தமிழில்.
அவள் புதுப் பக்கம் புரட்டவில்லை,
யீஷூனுக்குக் கீழேயே எழுதினாள்.

காலையில் ஆசையை அடக்க ஒரு மாத்திரை,
ராத்திரி கனவுக்கு ஒன்று.
புதன்கிழமைகளில் மூன்று நாற்பதை
வாய்விட்டுச் சொல்லவேண்டும்,
கண்ணை மூடி, கால் தரையில் பதிய,
ரொட்டி வரைக்கும்.
சில புதன்களில் ரொட்டிவரை போகமுடியாது.

நான்காம் மாதம் வழுக்கிவிட்டேன்.
கோப்பிக்கடையில் ஆறு டின்.
வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.
எத்தனை என்று கேட்கவில்லை அவள்.
என்ன சத்தம் கேட்டது என்றாள்.
யோசித்தேன்.
மேல்வீட்டுப் பையன்
படியில் நின்று நின்று ஏறியிருக்கிறான்,
கைப்பேசியில் விளையாடிக்கொண்டு.
அவ்வளவுதான்.

இப்போது எங்கள் புளோக்கில்
எல்லா மாடியிலும் நிற்கிறது.
சுவரை உடைத்து ஏழாவதுக்குக் கதவு வைத்தவர்கள்
நானும் ஹிர்வானும்.
அவன் போனபின் அதில் நான் ஏறியதில்லை.
அரிசி மூட்டையோடும் படிதான்.

போன வெள்ளிக்கிழமை ஏறினேன்.
பூங்கோதை பக்கத்தில், கையில் வெண்டைக்காய்ப் பை.
ஏழை அழுத்தியது அவள்.
கம்பி முறுகும் சத்தம் எனக்குத் தெரியும்,
எது நல்ல சத்தம் என்றும் தெரியும்.
இருந்தாலும் வியர்த்தது.
நான்கை அழுத்தி இறங்கிவிட்டேன்.

நான்கில் முன்பெல்லாம் நிற்காது.

அவளும் இறங்கினாள்.
மீதியை நடந்தோம்.